புரைக்குப் பின்னால் இருந்தது: சேலம், நாமக்கல் சமவெளியில் விழிக்கூழின் மருத்துவ வரலாறு

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடையில் கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியின் கண் மருத்துவத்தைப் பற்றிப் பேசுவோர் அதைக் கண்புரையின் கதையாகவே சொல்லி முடித்துவிடுவது வழக்கம். புரை எதிரில் நிற்பவருக்கும் தெரியும் வெண்மை. அதை அகற்றியவுடன் பார்வை திரும்புகிறது என்பதால் வைத்தியருக்குப் புகழும், நோயாளிக்கு நம்பிக்கையும், ஆட்சியாளருக்குக் கணக்கும் அதிலிருந்தே கிடைத்தன. ஆனால் புரை படரும் விழிவில்லைக்குப் பின்னால், கண்ணின் உட்கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை நிரப்பிக்கொண்டு ஒரு தெளிந்த கூழ் இருக்கிறது. மருத்துவர்கள் விட்ரியஸ் என்று அழைக்கும் இந்த விழிக்கூழின் வழியாகவே பழைய வைத்தியர்களின் ஊசி சென்றது. புரையைத் தள்ளிவிடும் இடமாக அதுவே பயன்பட்டது. பிற்கால அறுவை மருத்துவர்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சியதும் அதைத்தான். இருந்தும் அக்கூழுக்கே நோய் வரும், அதற்கே மருத்துவம் செய்யலாம் என்ற எண்ணம் செயலாக மாறியது 1970க்குப் பிறகுதான்.

விழிக்கூழின் அளவு சுமார் நான்கு மில்லிலிட்டர். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். ஆனாலும் அது தண்ணீரைப்போல ஓடுவதில்லை, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப்போலத் தன் உருவத்தைத் தானே தாங்கி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கொலாஜன் இழைகள் வலைபோலப் பரவியிருப்பதும், அந்த இழைகளுக்கிடையே ஹையலூரோனிக் அமிலம் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீரைப் பிடித்துவைத்து இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் விலக்கிவைப்பதுமே இதற்குக் காரணம். இழைகள் விலகியிருக்கும்வரை ஒளி தடையின்றிச் செல்லும். அவை திரண்டு கட்டினால் நிழல் விழும். இந்த அமிலத்தை 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது மாட்டுக்கண்ணின் கூழிலிருந்துதான். பின்னாளில் கண் அறுவைக்கு உதவும் பசைக்கரைசலாக அது சந்தைக்கு வந்தபோது மூலப்பொருளாக அமைந்தது சேவலின் கொண்டை. கோழிகளால் பேர்பெற்ற நாமக்கல்லின் வாசகர்களுக்கு இது ஒரு துணுக்குச் செய்தி. முட்டைப் பண்ணையில் சேவலுக்கு இடமில்லை என்பது வேறு.

கூழ் விழித்திரையோடு எங்கும் ஒரே இறுக்கத்தில் ஒட்டியிருப்பதில்லை. கண்ணின் முன்பகுதியில் வளையமாக அமைந்த அடிப்பகுதியில் மிக இறுக்கமாகவும், பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலும் கூர்பார்வைக்குரிய நடுப்புள்ளியிலும் இரத்தக்குழாய்களை ஒட்டியும் ஓரளவு இறுக்கமாகவும், மற்ற இடங்களில் தளர்வாகவும் அது பற்றியிருக்கிறது. இளமையிலேயே தொடங்கும் மெதுவான மாற்றத்தால் கூழின் உட்பகுதி சிறிது சிறிதாக நீர்த்துப்போக, இழைகள் திரண்டு மிதக்கத் தொடங்குகின்றன. வெளிர்ந்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கும்போது நூலும் புள்ளியும் கொசுவும் பறப்பதுபோலத் தெரிவது இத்திரள்களின் நிழலே. அறுபதைக் கடந்தோரில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் கூழ் முழுவதுமாகச் சுருங்கி விழித்திரையை விட்டுப் பிரிகிறது. கிட்டப்பார்வை அதிகமுள்ளோருக்கும் புரை அறுவை செய்துகொண்டோருக்கும் இது முன்னதாகவே நேர்கிறது. பிரியும்போது விழித்திரையை இழுப்பதால் இருட்டிலும் மின்னல் வெட்டுவதுபோலத் தோன்றும். பலருக்கு இது தீங்கின்றி முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும், இறுக்கமாக ஒட்டிய ஓரிடத்தில் விழித்திரை கிழிந்து, நீர்த்த கூழ் அக்கிழிசல் வழியே நுழைந்து விழித்திரையைச் சுவரிலிருந்து உரித்துவிடுகிறது. விழித்திரை விலகல் எனப்படும் இந்நிலையில் பார்வையின் ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல இருள் பரவும். வலி சிறிதும் இராது. வலியின்மையே இந்நோயின் பெருந்தீமை என்று சொல்லவேண்டும், ஏனெனில் வலிக்காத நோய்க்காக வேலையை விட்டுப் போவோர் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

பழைய மருத்துவ நூல்கள் இந்த மிதக்கும் நிழல்களை அறியாதவை அல்ல. சுசுருத சங்கிதையின் கண்நோய்ப் பகுதி, ஈ, கொசு, மயிர், வலை முதலியன தோன்றுவதைப் பார்வைக்கேட்டின் ஒரு படிநிலையாக விரிவாகவே கூறுகிறது. கண்நோய்களைத் தொண்ணூற்றாறு என வகுக்கும் சித்த மருத்துவ மரபும் படலங்களின் வரிசையாகவே பார்வைக்கேட்டைப் புரிந்துகொண்டது. நோயின் அடையாளத்தை நுணுக்கமாகக் கவனித்த அம்மரபுகள் அதன் இருப்பிடத்தை வேறாகக் கொண்டதற்குக் காரணம் எளிது. உயிருள்ளவரின் கண்மணிக்குள்ளே பார்க்கும் வழி எவரிடமும் இல்லை. ஆகவே கொசு பறப்பதும் மங்குவதும் வெண்மை படர்வதும் ஒரே நோயின் அடுத்தடுத்த கட்டங்களாகத் தோன்றின. இவ்வாறு கூழின் நோய் புரையின் முன்கதையாகிவிட்டது.

அந்தப் புரைக்கான பழைய அறுவை, உண்மையில் கூழின்மேல் நிகழ்ந்த அறுவை. வைத்தியர் நோயாளியை எதிரே உட்காரவைத்து, விழியின் வெண்பகுதியில் இரத்தக்குழாய்களைத் தவிர்த்து ஊசியைச் செலுத்தி, புரை முற்றிய வில்லையை அதன் பிடிப்பிலிருந்து விடுவித்து, பின்னாலுள்ள கூழுக்குள் அழுத்தித் தள்ளிவிடுவார். புரையைக் குத்தித் தள்ளும் இம்முறையில் எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. மறைத்த பொருள் இடம் மாற்றப்படுகிறது, அவ்வளவே. முதியவர்களின் கூழ் ஏற்கனவே நீர்த்திருப்பதால் வில்லை எளிதில் அடியில் அமிழ்ந்துவிடும். ஒளி உள்ளே நுழையும். வைத்தியர் விரல்களை விரித்துக் காட்ட, நோயாளி எண்ணிச் சொல்வார். கட்டணம் அப்போதே பெறப்படும். அடுத்த வாரங்களில் கூழ் சீழ்பிடிப்பதும், அமிழ்ந்த வில்லை அழற்சியைக் கிளப்புவதும், கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு அழிவதும் நேர்கையில் வைத்தியர் அடுத்த ஊரில் இருப்பார்.

சென்னை மாகாணத்தில் ஊர் ஊராகச் சென்று இத்தொழிலைச் செய்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் இருந்தார்கள். பெரும்பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த சேலம் மாவட்டம், இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கிய பெருநிலப்பரப்பு. வாரச்சந்தைகளாலும் மாரியம்மன் திருவிழாக்களாலும் இணைக்கப்பட்ட இத்தகைய ஊர்களே சுற்றித் திரியும் வைத்தியர்களுக்கு ஏற்ற களம். இத்தொழிலின் விளைவுகளை முறையாக ஆராய்ந்தவர் எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட். குத்தித் தள்ளிய பின் கெட்டுப்போய்த் தம்மிடம் வந்த நூற்றுக்கணக்கானோரின் நிலையைப் பதிவுசெய்தும், அகற்றவேண்டிவந்த விழிகளை வெட்டி ஆராய்ந்தும் அவர் எழுதிய நூல் முதல் உலகப்போர்க் காலத்தில் வெளிவந்தது. பாதி நீர்த்த கூழில் வில்லை எங்கே கிடக்கிறது, அதைச் சுற்றி எவ்வாறு தழும்பு கட்டுகிறது, அத்தழும்பு விழித்திரையை எவ்வாறு இழுக்கிறது என்பதையெல்லாம் அவ்வெட்டுவிழிகளில் காணமுடிந்தது. நாட்டு வைத்தியரைக் குறைசொல்லும் காலனிய நோக்கு எலியட்டின் எழுத்தில் இல்லையென்று சொல்லமுடியாது. ஆயினும் தமிழகத்துக் கண்களின் கூழ் எவ்வாறு சேதமுறுகிறது என்பதற்குக் கிடைத்த தொடக்ககால விரிவான சான்றுகளில் அது ஒன்று. தோல்வியுற்றவர்கள் மட்டுமே மருத்துவமனைக்கு வருவார்கள், பார்வை பெற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பதையும் படிப்பவர் மறக்கலாகாது.

எலியட் பணிபுரிந்த மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. இலண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்றாக எண்ணப்படுவது. ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண்நோயாளிகளின் நிலையைப் படங்களுடன் குறித்துவைக்கச் செய்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. சேலத்துக்காரருக்கு இரண்டுமே எட்டாத தொலைவு. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இருப்புப்பாதை சேலத்தை எட்டிய பிறகுதான், மாட்டுவண்டிப் பயணத்தில் பல நாள் கழித்துச் சேரவேண்டிய அந்நகரம் அடையக்கூடிய ஊராயிற்று.

அங்கே நடந்த அறுவை வேறு வகையானது. பிரான்சின் ஜாக் டாவியேல் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த வழியில், கருவிழியின் ஓரத்தை வெட்டி வில்லையை வெளியே எடுப்பதே மேற்கத்திய முறை. இம்முறையில் கூழின் நிலை தலைகீழாயிற்று: முன்பு குப்பைக்குழியாக இருந்தது, இப்போது பொங்கி வழிந்துவிடக்கூடிய அபாயமானது. வில்லையை எடுக்கும் திறப்பின் வழியே கூழ் வெளிவந்துவிட்டால், இழைகள் காயத்தில் சிக்கிக்கொண்டு விழித்திரையை இழுக்கும், நடுப்பகுதி வீங்கும், மாதங்கள் கழித்து விழித்திரையே விலகும். வில்லையை அதன் உறையோடு முழுதாக அழுத்தி வெளியேற்றும் முறையைப் பஞ்சாபின் ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் ஆயிரக்கணக்கானோருக்குச் செய்துகாட்டியபோது எழுந்த பெருஞ்சர்ச்சையின் மையமும் இந்தக் கூழிழப்பே. கூழைத் தொடாதே என்பது மூன்று தலைமுறை மாணவர்களுக்குப் புகட்டப்பட்ட முதற்பாடம். தொடக்கூடாத பொருளைப் பற்றி எவரும் அதிகம் கற்பதில்லை.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண்ணுள்நோக்கி, கண்மணியின் வழியே ஒளியைச் செலுத்தி உள்ளே பார்க்கவைத்தபோது கூழும் விழித்திரையும் முதன்முறையாக உயிருள்ள கண்ணில் தெரிந்தன. பார்க்கமுடிந்தபின்னும் விழித்திரை விலகலுக்கு மருத்துவம் வர எழுபது ஆண்டுகளாயின. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த காலத்தில், கிழிசலே மூலம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று 1920களில் நிறுவியவர் சுவிட்சர்லாந்தின் ழூல் கோனான். அடுத்துச் சார்லஸ் ஷெப்பன்ஸ் உருவாக்கிய, தலையில் அணியும் நோக்கி, மருத்துவரின் இரு கைகளையும் விடுவித்து விழித்திரையின் ஓரம்வரை காட்டியது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் தமிழகத்தின் சிற்றூர்களில் கண் மருத்துவம் முகாம் என்ற வடிவத்தை எடுத்தது. பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ மக்களைக் கூட்டி, கைவிளக்கால் கண்மணியைப் பார்த்து, வெண்மை தெரிந்தவரைப் பேருந்தில் ஏற்றிச் சென்று அறுவை செய்து திருப்பி அனுப்பும் இம்முறையை, 1976இல் மதுரையில் பதினோரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வேங்கடசாமி உலகம் வியக்கும் அளவுக்கு வளர்த்தெடுத்தார். அந்த நிறுவனம் பின்னர் கோவையிலும் சேலத்திலும் கிளைத்தது. முகாம் முறையின் அருமையை எவரும் மறுக்கமுடியாது. ஆனால் அதன் கண்கள் கைவிளக்கின் கண்கள். கைவிளக்கில் புரை தெரியும், கூழின் நோய் தெரியாது. அதைக் காண மருந்திட்டு மணியை விரிக்கவேண்டும், அரைமணி நேரமாவது காத்திருக்கவேண்டும், பயிற்சி பெற்றவர் உரிய நோக்கியால் தேடவேண்டும். மேலும், புரை அடுத்த முகாம்வரை பொறுக்கும். நடுப்புள்ளியை இன்னும் எட்டாத விழித்திரை விலகல் சில நாட்கள்கூடப் பொறுக்காது. நோயின் கால அளவுக்கும் சேவையின் கால அளவுக்கும் பொருந்தாமல் போன இந்த இடைவெளியில், புரையை வென்ற மாவட்டங்களிலேயே கூழின் நோய்களால் பார்வையிழந்தவர்கள் கணக்கில் வராமல் இருந்தார்கள் என்பது இக்கட்டுரையின் துணிபு.

தடையை உடைத்த நிகழ்ச்சி அமெரிக்காவின் மயாமியில் நடந்தது. சிதைந்த கூழைப் பெரிதும் வெட்டி எடுத்தாலும் கண் பிழைக்கும் என்று 1960களில் டேவிட் காஸ்னர் கண்ணைத் திறந்துவைத்துச் செய்த அறுவைகளில் காட்டினார். அதைக் கண்ட ராபர்ட் மாக்கெமர், மூடிய கண்ணுக்குள்ளேயே கூழைச் சிறிது சிறிதாக நறுக்கி உறிஞ்சி, அதே வேகத்தில் உப்புநீரை நிரப்பும் கருவியை வடிவமைத்தார். தொடக்கச் சோதனைகளில் அவர் நறுக்கிப் பார்த்தது முட்டையின் வெள்ளைக்கருவை. 1970இல் அக்கருவி நோயாளியின் கண்ணில் பயன்பட்டது. அதன் நுழைவாயில், கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் பின்னால், முன்னே வில்லையும் பின்னே விழித்திரையும் சேதமுறாத குறுகிய வட்டப்பகுதி. வெண்பகுதியின் வழியே ஊசி செலுத்திய பழைய வைத்தியர்களும் சற்றேறக்குறைய அதே வட்டாரத்தில்தான் நுழைந்தார்கள். அவர்கள் அனுபவத்தால் கண்டுகொண்ட வாயில் சரி. உள்ளே சென்று செய்ததும், ஊசியின் தூய்மையுமே வேறு.

ஷெப்பன்ஸிடம் பயின்ற மருத்துவர் எஸ். எஸ். பத்ரிநாத் 1970இல் சென்னைக்குத் திரும்பி, 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். கூழும் விழித்திரையும் ஒரு தனித்துறையாகத் தமிழகத்தில் வேரூன்றியதில் அந்நிறுவனத்துக்கும், மதுரையில் அத்துறையை வளர்த்த மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமிக்கும் பெரும்பங்கு உண்டு. 1980களில் சேலத்திலோ இராசிபுரத்திலோ ஒருவருக்குக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தால், சென்னைக்கு இரவு இரயில், அல்லது நாமக்கல், கரூர் வழியாக மதுரைக்குப் பேருந்து என்பதே வழியாக இருந்தது.

கூழில் இரத்தம் கசிவதற்கு இச்சமவெளியில் காரணங்கள் பல. காசநோயோடு தொடர்புபடுத்தப்படும் ஈல்ஸ் நோய், விழித்திரை ஓரத்து இரத்தக்குழாய்களை அழற்சியால் அடைத்து, நலமாக இருக்கும் இளைஞர்களின் கண்ணில் திடீரென்று இரத்தத்தை நிரப்புகிறது. 1880இல் பர்மிங்காமில் ஹென்றி ஈல்ஸ் விவரித்த இந்நோய் மேலைநாடுகளில் அருகிப்போக, அதைப் பற்றிய பிற்கால ஆய்வுகளில் கணிசமானவை இந்தியாவிலிருந்தே, சிறப்பாகச் சென்னையிலிருந்து வந்தன. இன்றைய பெருங்காரணம் நீரிழிவு: சர்க்கரை மிகுந்து நுண்குழாய்கள் அடைபடும்போது விழித்திரை புதிய குழாய்களை முளைக்கவிடுகிறது, வலுவற்ற அக்குழாய்கள் கூழின் பின்புறத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றன, கூழ் சுருங்கும்போது அவை அறுந்து இரத்தம் கொட்டுகிறது. கொடிக்குப் பந்தலிட்டுக் கொடுப்பது கூழே என்பதால், அதை அகற்றுவது இரத்தத்தை மட்டுமன்றி நோய் படரும் தளத்தையும் அகற்றுவதாகிறது.

கூழைக் கெடுக்கும் மூன்றாவது காரணம் தொழில் சார்ந்தது. நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிப் பட்டறைகளும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் லேத்துகளும் இரும்பை இரும்பால் அடிக்கும் இடங்கள். சுத்தியலின் விளிம்பிலிருந்து தெறிக்கும் சிறு துண்டு கருவிழியைத் துளைத்துக் கூழுக்குள் தங்கிவிட்டால், வெளியே சிறு சிவப்புப் புள்ளி மட்டுமே தெரியலாம். உள்ளே தங்கிய இரும்பு மெல்லக் கரைந்து விழித்திரையை நஞ்சாக்கும். அழுக்கேறிய துண்டானால் இரண்டொரு நாளிலேயே கூழ் சீழாகிவிடும். காந்தத்தால் இத்துண்டுகளை வெளியே இழுக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் தோன்றி, கூழை நறுக்கும் கருவி வரும்வரை முதன்மை வழியாக இருந்தது. காந்தத்தன்மை கொண்ட இரும்புக்கனிமத்துக்குப் பேர்போன கஞ்சமலையின் அடிவாரத்தில், பல நூற்றாண்டுகளாக இரும்பு உருக்கிய ஊர்களில், இக்காயம் புதிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணியும் வழக்கம் மட்டும் பட்டறைகளில் இன்னும் முழுதாக வந்தபாடில்லை.

1986இல் சேலத்தில் தொடங்கிய மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரியும், 1997இல் தனி மாவட்டமான நாமக்கல்லில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும், பெருகிவிட்ட தனியார் கண் மருத்துவமனைகளும் தொலைவைப் பெருமளவு குறைத்துவிட்டன. பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 2021இல் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோயாளிகளை வீட்டிலேயே கண்டறிகிறது. ஆண்டுக்கொருமுறை மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும் வழக்கமும் அதோடு சேர்ந்தாலொழிய, கைவிளக்குக் காலத்தின் குறை முற்றிலும் தீராது.

வெட்டி எடுத்த கூழை உடல் மீண்டும் உருவாக்குவதில்லை. அவ்விடத்தைக் கண்ணின் நீரே நிரப்பிக்கொள்கிறது. ஆனால் கிழிந்த விழித்திரை ஒட்டும்வரை அதை உள்ளிருந்து தாங்க ஒன்று வேண்டும். 1962இல் பால் சிபிஸ் சிலிக்கோன் எண்ணெயையும், 1970களில் எட்வர்ட் நார்ட்டன் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயுவையும் இதற்குப் பயன்படுத்தினர். வாயுக்குமிழ் மேல்நோக்கியே எழும் என்பதால், கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்து நோயாளி நாட்கணக்கில் குப்புறப் படுக்கவோ ஒருக்களிக்கவோ வேண்டும். அவ்வாயு கரைந்து மறைய இரண்டு வாரங்கள்வரை ஆகும். வேறு சில வாயுக்கள் இரண்டு மாதம்வரை தங்கும். அதுவரை விமானப் பயணம் கூடாது, மலையேறுவதும் கூடாது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவிலுள்ள ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையில் காற்றழுத்தம் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவதால் குமிழ் அதற்கேற்ப விரிந்து, கண்ணழுத்தத்தை ஏற்றி, பார்வை நரம்பின் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். எனவே ஏற்காட்டிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ வரும் நோயாளியை வாயு கரையும்வரை சமவெளியிலுள்ள உறவினர் வீட்டில் தங்கச் சொல்லவேண்டும். அதற்கு வழியில்லாதவருக்கு, உயரத்தால் விரியாத ஆனால் சில மாதங்கள் கழித்து மற்றோர் அறுவையால் எடுக்கவேண்டிய சிலிக்கோன் எண்ணெயே பொருத்தமாகிறது.